முதல் பரிசு 1 லட்சம் டாலர்... கயாக் மீன்பிடி போட்டியில் இறங்கலாமா, வேண்டாமா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது என்ன?

2018 மார்ச் மாதம். அமெரிக்காவின் டென்னசி மாகாணத்தில் பாரிஸ் என்று ஒரு சின்ன ஊர். பிரான்ஸ் நாட்டு பாரிஸ் இல்லை. ஆனாலும் இங்கேயும் சுமார் 70 அடி உயரத்தில் ஒரு குட்டி ஈபிள் கோபுரம் நிற்கிறது. அந்த ஊரில் 700-க்கும் மேற்பட்ட மீன்பிடி வீரர்கள் குவிந்தார்கள்.

காரணம், பக்கத்தில் உள்ள கென்டக்கி ஏரியை மையமாக வைத்து நடந்த 'கயாக் பாஸ் ஃபிஷிங்' அமைப்பின் தேசிய சாம்பியன்ஷிப். முதல் பரிசு 1 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 65 லட்சம் ரூபாய். அதுவும் பெரிய விசைப்படகில் போய் பிடித்ததற்கு அல்ல, ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கயாக்கில் போய் பிடித்ததற்கு.

அடுத்தடுத்து இந்த விளையாட்டு சூடு பிடித்தது. 2019-ல் ஹோபி நிறுவனம் தன் பெயரில் தனித் தொடரைத் தொடங்கியது. 2020-ல் அமெரிக்காவின் பழம்பெரும் மீன்பிடி அமைப்பான பாஸ்மாஸ்டரும் கயாக் தொடருடன் களத்தில் குதித்தது. இப்போது உள்ளூர் கிளப்பில் நாலு போட்டி ஜெயித்த யாருக்கும் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. பெரிய போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா, வேண்டாமா?

கேட்க எளிதான கேள்விதான். ஆனால் இதில் காசு, லீவு, குளிர்ந்த தண்ணீர், கடைசியில் உயிர் வரைக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கு. விரிவாகப் பார்க்கலாம்.

முதல்ல, பாஸ்னா என்ன மீன்?

நம்ம ஊரில் கொடுவாவை 'சீ பாஸ்' என்று விற்பார்கள். இது அது இல்லை. இங்கே பேசப்படுவது 'பிளாக் பாஸ்' எனப்படும் வட அமெரிக்க நன்னீர் மீன்கள். பெரிய வாய் கொண்ட லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத், ஸ்பாட்டட் என்று இதில் வகைகள் உண்டு. சாப்பாட்டுக்காக இல்லாமல், தூண்டிலில் சிக்கினால் கொடுக்கும் சண்டைக்காகவே அமெரிக்கர்கள் இதைத் துரத்துகிறார்கள்.

லார்ஜ்மவுத் பாஸில் உலக சாதனை எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ. 1932-ல் ஜார்ஜியா மாகாணத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்த மீன் அந்தச் சாதனையைச் சமன் செய்தது.

இதைப் பணப் போட்டியாக மாற்றியவர் ரே ஸ்காட். 1967-ல் ஆர்கன்சாஸ் மாகாணத்தின் பீவர் ஏரியில் அவர் நடத்திய முதல் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 100 டாலர், வந்தவர்கள் 106 பேர். அன்றைக்கு 100 டாலர் என்பது சின்னத் தொகை இல்லை. 'காசு கட்டிவிட்டு மீன் பிடிக்கப் போவதா?' என்ற கேள்வி அப்போதே தொடங்கியாச்சு.

எடை கிடையாது, நீளம்தான் கணக்கு

படகுப் போட்டிகளில் மீனை உயிரோடு தொட்டியில் வைத்துக் கொண்டுவந்து தராசில் போடுவார்கள். கயாக்கில் அதற்கு இடம் ஏது? அதனால் இங்கே முறையே வேறு. பிடி, படம் எடு, விட்டுவிடு.

மீன் சிக்கியதும் மடியில் வைத்திருக்கும் அளவுப் பலகையில் கிடத்த வேண்டும். மூக்கு பலகையின் தடுப்பில் முட்ட வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், வால் நுனி தெளிவாகத் தெரிய வேண்டும். போட்டிக்குச் சற்று முன்புதான் தரப்படும் ரகசியக் குறியீடு எழுதிய அட்டையும் அதே படத்தில் தெரிய வேண்டும். போன வாரம் எடுத்த படத்தை இன்றைக்கு அனுப்பி ஏமாற்றக் கூடாது இல்லையா, அதற்குத்தான். செல்போனில் எடுத்த படத்தைச் செயலி வழியாக அனுப்பினால் நடுவர்கள் பார்த்து ஏற்பார்கள் அல்லது நிராகரிப்பார்கள்.

கால் அங்குலக் கணக்கில் அளப்பார்கள். கோட்டுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் கீழே உள்ள கால் அங்குலம்தான். ஒரு நாளின் நீளமான 5 மீன்கள் சேர்க்கப்படும். உதாரணமாக 19, 18, 17.5, 16.25, 15.75 அங்குல மீன்கள் கிடைத்தால் மொத்தம் 86.5 அங்குலம். அதன் பிறகு 17 அங்குல மீன் ஒன்று வந்தால் 15.75 வெளியே போய்விடும்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், முட்டை தள்ளிய குண்டு மீனும் முட்டை போட்டு மெலிந்த மீனும் நீளம் ஒன்றானால் இங்கே சமம்தான். தராசில் ஜெயிக்கத் தெரிந்தவர் இங்கே ஜெயித்துவிடுவார் என்று சொல்ல முடியாது.

2022 செப்டம்பரில் ஓஹியோ மாகாணத்தில் நடந்த ஒரு படகுப் போட்டி உலகம் முழுக்க வைரலானது நினைவிருக்கலாம். வால்ஐ என்ற மீனின் வயிற்றைக் கிழித்தபோது உள்ளே ஈயக் குண்டுகள் உருண்டு விழுந்தன. சுமார் 28,000 டாலர் பரிசுக்காக நடந்த அந்த மோசடியில் இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். நீளக் கணக்கில் ஈயம் வேலைக்கு ஆகாது. ஆனால் இங்கேயும் திருட்டுக்கு வழி தேடுபவர்கள் உண்டு என்பதால்தான் குறியீடு, படம் எல்லாம். பெரிய பரிசு ஜெயித்தவரை உண்மை கண்டறியும் கருவி முன் உட்கார வைக்கவும் பல போட்டிகளின் விதிகளில் இடமிருக்கிறது.

பெரிய போட்டிக்குப் போகும் புதியவர்கள் பலர் கோட்டை விடுவது மீன் பிடிப்பதில் அல்ல, இந்தப் படம் எடுப்பதில்தான். ஆடும் கயாக்கில், ஈரக் கையில், துள்ளும் மீனைப் பலகையில் வைத்து மறு கையால் போனை நீட்டுவது லேசான காரியம் இல்லை. படத்துக்கு முன் மீன் தண்ணீரில் துள்ளிவிட்டால் பிடித்ததாகவே கணக்கு இல்லை. விரல் குறியீட்டை மறைத்தாலோ, வாய் திறந்திருந்தாலோ அளவு குறைக்கப்படலாம், படமே நிராகரிக்கப்படலாம். உள்ளூர் ஏரியில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்கு இது கைவரவில்லை என்றால், பெரிய போட்டிக்கு இன்னும் நேரம் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பரிசு பெருசு... கணக்கு எப்படி?

1 லட்சம் டாலர் என்றதும் கண் விரியத்தான் செய்யும். ஆனால் அது ஒருவருக்கு. மற்ற 699 பேருக்கு?

ஒரு உதாரணக் கணக்கு போடலாம். நுழைவுக் கட்டணம் 250 டாலர், கயாக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்வர பெட்ரோல் 250, ஐந்து இரவு விடுதிக்கு 400, சாப்பாடு 150, வெளிமாகாண மீன்பிடி உரிமமும் செயற்கை இரைகளும் 150. மொத்தம் 1,200 டாலர். ஊருக்கு ஊர் இது ஏறும், இறங்கும்.

700 பேரில் 70 பேருக்குப் பணம் என்று வைத்துக்கொண்டாலும் பத்தில் ஒருவருக்குத்தான் ஏதாவது கிடைக்கும். அதிலும் பெரும்பகுதி முதல் சில இடங்களுக்கே போய்விடும். 70-வது ஆளுக்கு 500 டாலர் கிடைத்தாலும் கையை விட்டு 700 போயிருக்கும். பரிசு வாங்கியும் நஷ்டம்!

இதில் லீவு கணக்கைச் சேர்க்கவே இல்லை. அமெரிக்காவில் தனியார் ஊழியருக்குச் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. நாலு நாள் வேலைக்குப் போகாவிட்டால் நாலு நாள் கூலி போச்சு என்ற நிலையில் நிறைய பேர் இருக்கிறார்கள். ஜெயிக்கிற பணத்துக்கும் வருமான வரி உண்டு.

ஆக, இதை முதலீடு என்று நினைத்துப் போகிறவருக்குக் கணக்கு இடிக்கும். குடும்பத்தோடு டூர் போனால் செலவாகும் பணம் மாதிரி, திரும்பி வராது என்று தெரிந்தே எடுத்து வைக்கும் பணமாக இருந்தால் அது வேறு விஷயம். கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு 'ஜெயிச்சா கட்டிடலாம்' என்றால், அது தூண்டிலில் மாட்டியது மீன் இல்லை.

ஏரி பெருசு, கயாக் சிறுசு

கென்டக்கி ஏரியின் பரப்பு 1,60,300 ஏக்கர். சென்னை மாநகராட்சியைப் போல ஒன்றரை மடங்கு. நீளம் 184 மைல், கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். டென்னசி ஆற்றின் குறுக்கே 1944-ல் முடிக்கப்பட்ட அணையால் உருவானது. பக்கத்திலேயே பார்க்லி ஏரி. இரண்டையும் ஒரு கால்வாய் இணைக்கிறது.

பெரிய இன்ஜின் பூட்டிய பாஸ் படகு மணிக்கு 70 மைல் வேகத்தைத் தொடும். ஒரு இடத்தில் மீன் இல்லையா, அரை மணி நேரத்தில் ஏரியின் வேறு மூலைக்குப் போய்விடலாம். கயாக்கில் நன்றாகப் பெடல் மிதித்தாலும் மணிக்கு 4, 5 மைல்தான். (1997-ல் ஹோபி நிறுவனம் காலால் மிதித்து ஓட்டும் கருவியைக் கொண்டுவந்த பிறகுதான் தூண்டில்காரர்களின் கைகள் துடுப்பிலிருந்து விடுபட்டன. இரட்டைக் கூட்டுப் படகுகளுக்குப் பெயர்போன நிறுவனம் அது. அந்தப் படகுக்கு ஆங்கிலத்தில் கேட்டமரன் என்று பெயர். நம்ம கட்டுமரத்தில் இருந்து போன சொல்.) சில தொடர்களில் மின்மோட்டார் பூட்டலாம், சிலவற்றில் கூடாது. பணம் கட்டும் முன் முதலில் படிக்க வேண்டிய விதி இதுதான்.

அதனால் கயாக் போட்டியில் காலையில் எந்தக் கரையில் இறங்குகிறோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். தப்பான இடத்தில் இறங்கிவிட்டால், கயாக்கை மேலே இழுத்து, வண்டியில் கட்டி, வேறு கரைக்கு ஓட்டி, மறுபடி இறக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் காலி.

எனவே போட்டிக்கு முன் பயிற்சி நாட்கள் கிடைக்குமா என்பது முக்கியமான கேள்வி. செயற்கைக்கோள் படத்தையும் ஆழ வரைபடத்தையும் வீட்டில் உட்கார்ந்து பார்த்து 10 இடங்களைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் நேரில் போனால் தண்ணீர் கலங்கியிருக்கும், மட்டம் மாறியிருக்கும். பாஸ் மீன்கள் வசந்த காலத்தில் தண்ணீர் சுமார் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது முட்டையிடக் கரை ஓரம் வரும். ஒரு வாரக் குளிர் அடித்தால் மீண்டும் ஆழத்துக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை இரவு வந்து சேர்ந்து சனிக்கிழமை காலை இறங்குபவர், ஒரு வாரமாக ஏரியைச் சுற்றிவரும் உள்ளூர்க்காரரோடு மோத வேண்டியிருக்கும்.

போதாக்குறைக்கு இந்த ஏரிகளில் வெள்ளிக் கெண்டை பெருகிக் கிடக்கிறது. நம்ம ஊர்ப் பண்ணைக் குளங்களில் வளர்க்கும் அதே மீன்தான். சத்தம் கேட்டால் தண்ணீருக்கு மேல் எகிறிக் குதிக்கும். படகில் இருப்பவர் மேலேயே விழும்.

பெரிய ஆபத்து குளிர்ந்த தண்ணீர்

மேலே சொன்னதெல்லாம் போனால் காசு போகும். இது அப்படி இல்லை.

மார்ச் மாதத்தில் வெயில் இதமாக இருக்கலாம். தண்ணீர் அப்படி இருக்காது, பெரும்பாலும் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்ந்த நீரில் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்து ஆராய்ந்தவர். அவர் சொல்லும் கணக்கு 1-10-1.

உறைநிலையை ஒட்டிய தண்ணீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. தானாக ஏங்கி ஏங்கி மூச்சு வாங்கும். அந்த ஏக்கத்தில் தலை நீருக்குள் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். அடுத்த 10 நிமிடம்தான் கை, கால் சொன்ன பேச்சு கேட்கும். அதன் பிறகு விரல் கயிற்றைப் பிடிக்காது. உடல் சூடு குறைந்து நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும். தண்ணீர் இதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால் நேரம் நீளும். ஆனால் முதல் நிமிட அதிர்ச்சி 10, 15 டிகிரி நீரிலும் உண்டு.

அதாவது, பலர் நினைப்பது போல 'உறைந்து' சாவதற்கு முன்பே மூழ்கிச் சாகிறார்கள். லைஃப் ஜாக்கெட் அந்த முதல் நிமிடத்துக்காகத்தான். நீச்சல் தெரியுமா, தெரியாதா என்பது இரண்டாவது விஷயம். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் 2023 புள்ளிவிவரப்படி, அந்த ஆண்டு பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த மரணங்களில் 75 சதவீதம் நீரில் மூழ்கியவை. அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. கயாக் போட்டிகளில் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்க அதைப் போட்டிருக்க வேண்டும் என்று விதியே வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

கென்டக்கி ஏரி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. தெற்குக் காற்று அடித்தால் திறந்த நீரில் பல மைல் ஓடிவந்து அலையைத் தூக்கும். சரக்குப் படகுகள் போகும் வழியும் இதுதான். தூண்டில், பேட்டரி, பெட்டி எல்லாம் ஏற்றிய மீன்பிடிக் கயாக் 70 கிலோவை எளிதாகத் தாண்டும். கவிழ்ந்தால் நீரில் மிதந்தபடி அதை நிமிர்த்தி, மறுபடி மேலே ஏற வேண்டும். இதை ஒரு முறையாவது வெயில் காலத்தில், பாதுகாப்பான இடத்தில், ஆள் துணையோடு செய்து பார்த்ததுண்டா? இல்லை என்றால் பதிவுப் படிவத்தை நிரப்பும் முன் செய்ய வேண்டிய வேலை அதுதான். கோடையில் முடியாதது மார்ச்சில் முடியாது.

காற்று அடிச்சா திரும்பி வருவீங்களா?

இந்த முடிவில் உண்மையான முடிச்சு இங்கேதான் இருக்கு.

சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகிறோம். காற்று பலமாக இருக்கிறது. டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். ஆனால் 1,200 டாலர் செலவழித்து, நாலு நாள் லீவு போட்டு, 800 மைல் வண்டி ஓட்டி, அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்த பிறகு, விடியற்காலை 5 மணிக்கு அலை அடிப்பதைப் பார்த்தால்? 'இவ்வளவு தூரம் வந்துட்டோம்' என்ற நினைப்பு கயாக்கை இறக்க வைக்கும். போட்டி எவ்வளவு பெரிதோ, அந்த நினைப்பும் அவ்வளவு பெரிது.

படகுப் போட்டியில் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்து, அதிகாரிகள் முன்னால் புறப்படுவார்கள். கயாக் போட்டியில் 700 பேர் பல டஜன் கரைகளில் பிரிந்து, இருட்டில் தனித்தனியாக இறங்குவார்கள். வானிலை ரொம்ப மோசமானால் நடத்துபவர்கள் நேரத்தைத் தள்ளுவார்கள், நாளையே ரத்து செய்வார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட வளைவில், ஒரு குறிப்பிட்ட கரையில் காற்று எப்படி என்று பார்த்து 'நீங்க இறங்காதீங்க' என்று சொல்ல அங்கே யாரும் நிற்பதில்லை.

அதோடு போனில் நேரடிப் புள்ளிப் பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். பல போட்டிகளில் கடைசி நேரத்தில் பட்டியலை மறைத்துவிடுவார்கள். 40-வது இடத்தில் இருந்த ஒருவருக்கு, இப்போது 30-வதா, 60-வதா என்றே தெரியாது. 'அந்தப் பக்கம் போனா ஒரு பெரிய மீன் கிடைக்கும்' என்று திறந்த நீரைக் கடக்கத் தோன்றுவது அப்போதுதான்.

இதனால்தான் அனுபவசாலிகள் எல்லையை வீட்டிலேயே போட்டுவிடுகிறார்கள். மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர் காற்றுக்கு மேல் திறந்த நீரில் இறங்குவதில்லை என்று பலர் ஒரு எண்ணை வைத்திருப்பார்கள். காற்றுக்கு மறைவான ஒரு சிறு வளைகுடாவை மாற்று இடமாகக் குறித்திருப்பார்கள். எந்தக் கரையில் இறங்குகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணை மனைவியிடமோ கணவரிடமோ சொல்லிவிட்டுப் போவது இன்னும் நல்லது. காலை 5 மணிக்கு மனசு மாறும்போது கேள்வி கேட்க ஒரு ஆள் இருப்பார்.

கட்டிய பணத்தை விட்டுவிட்டுக் கரையிலேயே நிற்க மனம் வரும் என்பவருக்குத் தாராளமாக வாய்ப்பு இருக்கு. வராது என்று உள்ளுக்குள் தெரிந்தவர், இந்த வருஷம் வேண்டாம் என்று விடுவதில் தப்பே இல்லை.

அப்போ எங்கே தொடங்கலாம்?

பெரிய போட்டிக்கு நேரே தாவ வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலான மாகாணங்களில் கயாக் கிளப்புகள் இருக்கின்றன. 20, 30 பேர் வருவார்கள், கட்டணம் குறைவு, அதே பலகை, அதே செயலி. ஆன்லைன் போட்டிகளும் உண்டு. ஒரு மாதம் முழுக்க, மாகாணத்துக்குள் அனுமதிக்கப்பட்ட எந்த நீர்நிலையிலும், நேரம் கிடைக்கும்போது பிடித்துப் படம் அனுப்பலாம். காற்று அடித்தால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றில் அனுப்பும் படங்கள் தொடர்ந்து ஏற்கப்படுகின்றனவா, தெரியாத ஏரியிலும் 5 மீன் தேறுகிறதா என்பதை இரண்டு மாதத்தில் கண்டுபிடித்துவிடலாம். பரிசு எதிர்பார்க்காமல், நாடு முழுக்க இருந்து வரும் ஆட்கள் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்க்கவே வருடா வருடம் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு 1,200 டாலர் தகும் என்றால் போகலாம்.

போவதென்று முடிவானால், அந்தப் போட்டிக்குத் தகுதி பெற வேண்டுமா, நேரடியாகப் பணம் கட்டிச் சேரலாமா என்பதைப் பார்க்க வேண்டும். தேசிய சாம்பியன்ஷிப்புகள் பொதுவாகத் தகுதி கேட்கும். ஏரி எந்த மாகாணத்தில் இருக்கிறதோ அந்த மாகாண உரிமம் வேண்டும். கென்டக்கி ஏரி போல இரண்டு மாகாணங்களில் பரவிய ஏரி என்றால் இரண்டின் விதிகளையும் படிக்க வேண்டும். உடல்நலம் சரியில்லாமல் போனாலோ, வேலை வந்து நின்றாலோ கட்டணம் திரும்பக் கிடைக்குமா, எந்தத் தேதிக்குள் விலக வேண்டும் என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். கார்டு எண்ணைத் தட்டும் முன் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்வது நல்லது.